சுவரோரக் கம்பியில் தொங்கிய சாப்ஸ்

என் ஓரகத்தியின் வாயிலிருந்து எனக்கு ஒரே ஒரு பேச்சு வர வேண்டியிருந்தது. "இது அக்கா போட்டது." அவ்வளவுதான். அதையும் தனியாக என் காதோரம் வந்து சொன்னால் போதாது. யார் முன்னால் அதைத் தன்னுடையது என்று சொன்னாளோ, அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். அதற்காக நான் செய்ததை எல்லாம் கேட்டால் நீங்கள் என்னைக் கெட்ட கிழவி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "எம்மா, இதெல்லாமா எழுதணும்?" என்று இப்போதே கேட்டுவிட்டாள். எழுதுடி என்றேன்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. லயம் என்பது ஒரே நீளக் கட்டடம், நடுநடுவே சுவர் வைத்து வீடு வீடாகப் பிரித்திருக்கும். அந்தச் சுவர் கூரைவரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கிற தகரக் கூரை எல்லா வீட்டுக்கும் பொது. நான் இருமினால் பக்கத்து வீட்டில் "சுக்குத் தண்ணி வச்சுக் குடி" என்பார்கள். யாராவது கருவாடு வறுத்தால் அன்றைக்கு லயமே ஒரு கை சோறு கூடுதலாகத் தின்னும். கட்டினவன் கொஞ்சம் கல்லையும் சிமெண்டையும் மிச்சம் பிடித்துவிட்டான், இத்தனை வருஷம் கழித்து அதன் பலனை நான் அனுபவித்தேன்.

சாப்ஸ் என்பது துரை பங்களாக் குசினியிலிருந்து, அதாவது சமையல்கட்டிலிருந்து, வந்த பேச்சு. பன்றியின் விலாப்பக்கத்தில் எலும்பும் கொழுப்புமாக வெட்டின தடித்த துண்டு. ஞாயிற்றுக்கிழமை பஜாரில் கறி வெட்டுகிற மலையாளி என்னைப் பார்த்ததுமே, "அம்மச்சிக்கு எல்லோட, அல்லே?" என்பான். எலும்போடு என்று அர்த்தம். ஆமாம், எலும்போடுதான். எலும்பு இல்லாத கறியைப் புகையில் போட்டால் சுருங்கி, பழைய செருப்பு வார் மாதிரி ஆகிவிடும். அவன் மெல்லிசாக வெட்டப் பார்ப்பான். "இதென்ன அப்பளமா? கனமா வெட்டுடா" என்பேன். அவனுக்கு என் பேச்சு பிடிக்கும், எனக்கும் அவன் கத்தியைப் பிடிக்கும்.

கல் உப்பு, இடித்த மிளகு, பூண்டு, மஞ்சள், கொஞ்சம் கருப்பட்டி. எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டுகளில் அழுத்தித் தேய்த்து, சட்டியில் அடுக்கி, மேலே அம்மிக் குழவியைப் பாரமாக வைத்துவிடுவேன். மறுநாள் அது தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, துணியால் ஒற்றி, காற்றில் ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்புக்கு மேலே. என் அடுப்புக்கு நேர் மேலே சுவரிலிருந்து சுவருக்கு இரண்டு கம்பி ஓடுகிறது, அதில் ஒன்று ஓரகத்தி வீட்டுச் சுவரை ஒட்டியே. வாழை நாரால் எலும்பைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடுவேன். கீழே தீ எரியக் கூடாது, புகை மட்டும் வர வேண்டும். கொய்யா விறகு, பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைத் தூர், மேலே ஒரு பிடி ஈரச் சருகு. மூன்று நாலு நாள் அப்படிக் கிடந்தால் தேன் நிறத்துக்கு வந்துவிடும். சமைக்கிற அன்றைக்கு ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, சின்ன வெங்காயமும் தேங்காய்க் கீற்றும் போட்டுப் பிரட்டினால், சரி, விடுங்கள். எனக்கே இப்போது வாய் ஊறுகிறது, வீட்டில் இன்றைக்குக் கீரை.

என் ஓரகத்திக்குப் புகை ஆகாது. போன வருஷம் விறகு அடுப்பை இடித்துவிட்டு கேஸ் வைத்து, சுவருக்கு டைல்ஸ் என்கிற வெள்ளை ஓடு பதித்தாள். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பேச்சு.

"யக்கா, ஒங்க பொகை இங்கன வந்து வெள்ளை ஓடெல்லாத்தையும் கருப்பாக்குது. நீங்களும் ஒரு கேஸு வச்சா என்ன?"

"நான் வச்சுட்டா, சுடுதண்ணிக்கு விறகு ரெண்டு குடுங்கன்னு யாருட்ட வந்து கேப்ப?"

இப்படி வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வோம். அதெல்லாம் சண்டையில் சேர்த்தி இல்லை.

அப்புறம் சாப்ஸ் குறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் சுவர் ஓரக் கம்பியில் ஒன்றோ இரண்டோ காணாமல் போகும். பூனை என்று நினைத்தேன். பூனையானால் நாரைக் கடித்திருக்கும், கீழே எலும்பு கிடக்கும். மரநாய் கூரை வழியாக இறங்கியிருக்கும் என்றாள் மகள். பாவம் அந்த மரநாய், அதை நான் திட்டாத திட்டு இல்லை. ஒருநாள் கம்பியில் மிளகாய்ப்பொடிகூடத் தடவி வைத்தேன். அன்றைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் தும்மினார்கள். பனிக்காலம் வந்தால் என் ஓரகத்திக்கு எப்போதுமே மூக்கடைப்பு, அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நல்ல மனுஷி பாருங்கள் நான்.

அவளுடைய மகள் கொல்லங்கோட்டில் நர்சாக வேலை பார்க்கிறது. நல்ல பிள்ளை. என்னை "பெரியம்மா, பெரியம்மா" என்று சுற்றி வரும். அங்கே முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பையனைப் பார்த்துப் பிடித்து, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியிருந்தது. பையனைப் பெற்றவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எனக்கும் இலை போட்டார்கள். சோறு, குழம்பு, பொரியல், அப்புறம் என் இலையில் ஒரு சாப்ஸ்.

வாயில் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் புகையின் வாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் வாசத்தைக் காட்டி யாரிடம் வழக்குப் பேச முடியும்? துண்டைத் திருப்பினேன். எலும்புக்கும் கொழுப்புக்கும் நடுவே வெந்த வாழை நார் ஒரு துணுக்கு புதைந்திருந்தது, முடிச்சோடு. எனக்கு இடது கைப் பழக்கம். நான் போடும் முடிச்சு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கமாக மடங்கும். இந்த லயத்தில் அப்படி முடிச்சுப் போடுகிற வேறு கை கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா கேட்டாள். "ஏனுங்க, இதென்ன கறிங்க? எங்க ஊட்ல உப்புக்கண்டம் போடுவோமுங்க, வெயில்ல காய வெச்சு. இது அந்த மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குதுங்க."

என் ஓரகத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இது நான் பொகையில போட்ட சாப்ஸுங்க. எங்களுக்கு இங்கன வெயிலு ஏது? அடுப்படியிலயே காத்துக் கெடந்து செய்யணும்."

அதோடு விட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். இல்லை, மன்னித்திருக்க மாட்டேன், ஆனால் மறந்திருப்பேன். அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எங்க அக்காவுக்கு இதெல்லாம் வராதுங்க. பொகைன்னாலே கண்ணைக் கசக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. இல்லக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் அந்தப் பிள்ளை புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தது. நான் அந்த முடிச்சை எடுத்து நடு இலையில் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், கல்யாணப் பேச்சும் அதோடு நின்றுபோயிருக்கும். "ஆமா" என்றேன். நாரை இடுப்பில் சொருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கடுகு டப்பாவில் போட்டு மூடினேன். எனக்குக் கோபம் வந்தால் உடனே கத்துகிற பழக்கம் கிடையாது. நான் அதை உப்புப் போட்டுப் பாரம் வைத்துவிடுவேன்.

நாள் குறிக்க அவர்கள் மறுபடியும் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் வீட்டில் போன் அடித்தது, பையனின் அம்மா. அவள் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் குழம்புக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

"சம்மந்தி, அந்தப் பொகைக்கறி இருக்குமில்லீங்க? இவரு வாரத்துல நாலு தடவ அதைப் பத்தியே பேசறாருங்க."

"அதுக்கென்னங்க, எம்புட்டு வேணாலும் போட்டுருவோம்!"

எம்புட்டு வேணாலுமாம். எனக்குச் சிரிப்பு வந்து உள்ளி கையிலிருந்து நழுவிவிட்டது.

இங்கே தைலமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலை முழுக்க அந்த மரம்தான். சுற்றுலா வருகிறவர்கள் அதன் எண்ணெயைக் குப்பியில் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் குளிக்கிற தண்ணீர் காய்ச்ச அந்த விறகை எரிப்போம். ஆனால் இறைச்சிக்குக் கீழே அதை யாரும் வைக்க மாட்டோம். வைத்தால் அந்தக் கறி சளிக்கு நெஞ்சில் தேய்க்கிற மருந்து மாதிரி ஆகிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் நானே ஒரு தடவை தெரியாமல் வைத்து, என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதைத் திங்கணுமா, முட்டியில தேய்க்கணுமா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைய சாப்ஸ் வாங்கினேன். உப்பு, மிளகு எதிலும் குறை வைக்கவில்லை. புகை மட்டும் வேறு. பச்சைத் தைல இலையையும் பட்டையையும் கூடை கூடையாக மகளைக் கொண்டுவரச் சொன்னேன். "எம்மா, ஒனக்குக் கிறுக்கு எதுவும் பிடிச்சிருக்கா?" என்றாள். பிடித்திருந்தது. அத்தனையையும் சுவர் ஓரக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன், கை எட்டுவதற்கு வசதியாக. புகை எழும்பிக் கூரையைத் தொட்டு அந்தப் பக்கம் இறங்கியது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் கொட்டுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"யக்கா," என்று சுவருக்கு மேலே சத்தம் வந்தது. மூக்கு அடைத்துப்போன குரல். "என்னமோ பொகையா வருதே, என்ன எரிக்கிய?"

"சளிடி. ஆவி பிடிக்கேன்."

"எனக்கும் ஒரு வாரமா மூக்கே இல்ல. ஒரு மணமும் தெரியல."

"தெரியலையா?" என்றேன். "ஐயோ பாவம்."

இதைவிட நல்ல செய்தி எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மகளுக்கு வேலை நிரந்தரமான அன்றைக்கு, அதற்கு அடுத்தபடி இதுதான்.

நாள் குறிக்கிற அன்று காலையில் பார்த்தேன். கம்பி காலி. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. நான் தலை குளித்து, நல்ல சேலை கட்டி, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் கொழுந்தன் முற்றத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். ருசி பார்த்திருக்கிறான். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், அவன் கல்லை வேகவைத்துப் போட்டாலும் உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பான்.

இலை போட்டார்கள். சாப்ஸ் வந்தது. எனக்கு எட்டின தூரத்திலேயே வாசம் மூக்கைத் தூக்கியது. பையனின் அப்பா பெரிய துண்டாக எடுத்துக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். பையனின் அம்மாவும் கடித்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் சோற்றைப் பிசைவதுபோல் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்க சம்மந்தி," என்றாள் அவள். "இதென்னங்க, போன தடவ மாதிரி இல்லீங்களே?"

என் ஓரகத்தியின் முகம் வெளுத்ததே, அதை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது அந்த மனுஷன் பேசினார். "அட, நீ சும்மாரு புள்ள. இதுதானுங்க மலை வாசம்! வண்டியில ஏறி வர்றப்போ கண்ணாடியை எறக்குனா ஒரு வாசம் அடிக்குதல்ல, அது அப்படியே கறிக்குள்ள இருக்குது பாரு. எனக்கு நெஞ்சே தொறந்துருச்சுங்க. இன்னொன்னு போடுங்க."

அவளும் மறுபடி கடித்துப் பார்த்தாள். "நெசந்தானுங்க. போன தடவையவிட இது நெம்ப நல்லாருக்குதுங்க. கல்யாணத்துக்கும் இதையே போட்ரலாமுங்க. எங்க சனமெல்லாம் இந்த மாதிரி தின்னதே இல்லீங்க."

என் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. நான் ஒரு கடி கடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மருந்துக் குப்பியைக் குடித்த மாதிரி இருந்தது. வெயிலில் இருக்கிற சனங்களுக்கு எது மலை, எது மருந்து என்று எப்படித் தெரியும்? என் திட்டம் எல்லாம் இலையிலேயே கவிழ்ந்துபோயிற்று. என் ஓரகத்திக்கு உயிர் திரும்பி வந்தது. என்னைப் பார்த்து மறுபடியும் அந்தச் சிரிப்பு. நான் அந்த நேரத்தில் அவள் மேல் வைத்திருந்த கோபத்துக்கு விறகே தேவையில்லை, அதிலேயே அவளைப் புகைபோட்டிருக்கலாம்.

ஆனால் அந்தச் சம்மந்தியம்மா இருக்கிறாளே, அவள் கால்களுக்கு நான் கொலுசு வாங்கிப் போட வேண்டும். கை கழுவிவிட்டு வந்து கேட்டாள். "ஏனுங்க, இது எந்த மரத்துப் பொகைங்க?"

"பொகை... மரப்பொகைதான்."

"அதாங்க, எந்த மரம்?"

"எல்லாம் கலந்துதான் போடுவோம்."

"சித்த அந்த அடுப்பைக் காட்டுங்க. எங்கூட்லயும் அதே மாதிரி ஒண்ணு கட்டச் சொல்லோணும்."

என் ஓரகத்தி எழுந்திருக்கவில்லை. சம்மந்தியம்மா எழுந்துவிட்டாள். உரிமையாக அடுப்படிக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன், என் முட்டிவலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உள்ளே பளபளவென்று கேஸ் அடுப்பு. வெள்ளை ஓடு. சாம்பல் இல்லை, கரி இல்லை, ஒரு கம்பி இல்லை. சம்மந்தியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கினாள். சுவருக்கு மேலே, என் வீட்டிலிருந்து புகை மெதுவாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர் அடுப்பை நான் அணைக்காமல் வந்திருந்தேன்.

"அந்தப் பக்கம் ஆருடைய ஊடுங்க?"

"என்னுதுதான்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மீதியை என் ஓரகத்திதான் சொல்ல வேண்டும், அதற்குத்தானே இத்தனையும்.

எல்லோரும் அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். என் ஓரகத்தி முந்தானை நுனியைத் திருகினாள். "அது... அது அக்கா போட்டதுங்க" என்றாள் மெதுவாக.

"எனக்குக் காது சரியா கேக்கல" என்றேன். "என்ன சொன்ன?"

"இது அக்கா போட்டது!"

"அப்ப போன தடவ வெச்சதுங்க?" என்று கேட்டாள் சம்மந்தியம்மா.

"அதும் அக்கா போட்டதுதான்."

ஒரு தடவை கேட்டேன், கடவுள் இரண்டு தடவையாகக் கொடுத்தார். அடுப்படி முழுக்கப் பூப் பூத்த மாதிரி இருந்தது எனக்கு.

"அக்காதான் குடுத்தாக" என்று அவசரமாக ஒன்றைச் சேர்த்தாள் அவள். இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையும் பார்த்தது. அதற்குக் கண் நிறைந்திருந்தது. நர்ஸ் பிள்ளை, எல்லாம் புரிந்துவிட்டது அதற்கு.

"ஆமா, குடுத்தேன்" என்றேன். "செவத்துக்கு மேல வழியா குடுத்தேன். எம்புட்டு வேணாலும் எடுத்துக்கிடலாம்னு தோதா தொங்கவிட்டிருந்தேன்."

சம்மந்தியம்மா, "அட, என்ன ஒத்துமைங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் ஓரகத்தி வெள்ளை ஓட்டில் ஒவ்வொரு ஓடாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணத்துக்குக் கறி போடுகிற பொறுப்பு எனக்கு வந்தது. அதே தைல வாசத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தண்டனைதான், அந்தக் கண்ராவியை மறுபடி போட வேண்டுமே என்று. அதனால் நான் போடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க என் ஓரகத்தியை என் அடுப்படியில் உட்காரவைத்தேன். உப்புத் தேய்த்தது அவள், இலை பொறுக்கியது அவள், தீ எழும்பாமல் புகையை ஊதி ஊதிக் காத்தது அவள். மூக்கடைப்பு அதற்குள் சரியாகிவிட்டது, அதுதான் விசேஷம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முடிச்சு மட்டும் போட்டேன், என் இடது கை முடிச்சு.

"யக்கா, கண்ணு எரியுது."

"கசக்கிட்டு எந்திரிச்சுப் போயிராத" என்றேன்.

அவளுக்கு அந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தது. ஊதினாள்.

முதலமடையில் பந்தலில் சனங்கள் அந்தக் கறிக்காக வரிசை கட்டி நின்றார்கள். "பொண்ணோட பெரியம்மா கைப்பக்குவமுங்க" என்று சம்மந்தியம்மா ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். மரம் எது என்று கேட்டவர்களுக்கு, "அது எங்க மலையில மட்டும்தாங்க முளைக்கும்" என்றேன். பந்தலுக்கு வெளியே ரோட்டோரத்திலேயே இரண்டு தைலமரம் நின்றுகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதலமடை மருமகன் இப்போது சொல்கிறார், சுவருக்கு மேலே ஒரு தகரம் வைத்து அடைத்துவிடலாம் என்று. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். சுவர் ஓரக் கம்பியில் நல்ல கொய்யாப் புகையில் போட்ட சாப்ஸ் ஒன்றை எப்போதும் தொங்கவிட்டு வைத்திருக்கிறேன், கை எட்டுகிற இடத்தில். எத்தனையோ வாரம் ஆகிறது. ஒன்றும் குறையவில்லை. என் ஓரகத்தி இப்போது வேண்டும் என்றால் முன்வாசல் வழியாக வருகிறாள், கிண்ணத்தோடு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யக்கா, ரெண்டு சாப்ஸு குடுங்களேன்" என்று கேட்டுத்தான் வாங்குகிறாள்.

முதல் தடவை கூப்பிடும்போது எனக்குக் காது கேட்பதில்லை.